பெயர் எழுதாத விடைத்தாள்

பரீட்சை மகளுக்கு, தூக்கம் கெட்டது தாய்க்கு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். இந்த வீட்டில் மட்டும் கூத்து ஒரு படி மேலே போயிருந்தது. மகளோடு சேர்ந்து தாயும் விண்ணப்பம் போட்டிருந்தாள்.

தாய்க்கு ஆஸ்பத்திரியில் பெயர் பாய்லர் அக்கா. ஆபரேஷன் அறையிலிருந்து வரும் கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் பொட்டலம் கட்டி, ஆளுயர நீராவிப் பெட்டிக்குள் வைத்துக் கிருமி நீக்குகிற வேலை. பதினேழு வருடமாக அந்த வெக்கையில் நிற்கிறாள். நேற்றுப் படிப்பை முடித்துவிட்டு வந்த நர்ஸ் பெண்கள் கதவைத் தள்ளி, "அக்கா, செட் ரெடியா?" என்று கேட்பார்கள். அதற்கப்புறம்தான் "சாப்டீங்களா?" வரும். சிலரிடமிருந்து அதுவும் வராது. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் அவள் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்கே அது மறந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கணவன் பஸ் கண்டக்டர். ஒரே மகள். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் 'பாப்பா' என்றுதான் பெயர். நர்ஸ் பட்டப்படிப்பு நுழைவுத் தேர்வை அவள் போன வருடமே எழுதினாள். இருநூறு கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க். நூற்று ஐம்பது எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்தது. பாப்பா எடுத்தது நூற்று நாற்பத்திரண்டு. படிக்காமல் இல்லை. பாடத்தைக் கேட்டால் தண்ணீர் பட்ட பாடாய்ச் சொல்வாள். ஆனால் கேள்வித்தாளைக் கையில் வாங்கிவிட்டால் போதும், விரல் நடுங்கும். முப்பத்தாறாம் கேள்விக்கான விடையை முப்பத்தேழில் கறுப்பாக்கிவிட்டு, அதற்குப் பிறகு வருவதையெல்லாம் வரிசையாகத் தப்பு வட்டத்தில் கறுப்பாக்கிக்கொண்டே போவாள். பாதியில் தெரிந்ததும் அழிப்பதற்குள் மணி அடித்துவிடும். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொன்னார். மூச்சு நன்றாகத்தான் வந்தது, மார்க் வரவில்லை.

ஒரு நாள் தாய் சும்மா எதிரில் உட்கார்ந்து, ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்துத் தானும் எழுதிப் பார்த்தாள். அன்றைக்குப் பாப்பாவின் கை நடுங்கவில்லை.

"நீ எதிர்ல இருந்தா எனக்குப் பயமே வரலம்மா. நீயும் அப்ளை பண்ணேன். அந்தக் கட்டடத்துக்குள்ள எங்கயாவது நீ இருக்கேன்னு தெரிஞ்சாலே போதும்."

வயது வரம்பு இல்லை என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தது. துணைக்குத்தானே என்று தாயும் போட்டுவைத்தாள். ஆஸ்பத்திரியில் மூச்சு விடவில்லை. விட்டால் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு பரீட்சைக் கூடமானது. மடக்கு மேசையை நடுவில் போட்டு, சுவர்ப் பக்கம் பாப்பாவும் ஜன்னல் பக்கம் தாயும் உட்காருவார்கள். கண்டக்டர் விசில் ஊதித் தொடங்கிவைப்பார், விசில் ஊதி முடிப்பார். அவர்தான் கண்காணிப்பாளர், அவர்தான் திருத்துபவர். டிக்கெட் மிஷின் வந்த பிறகு இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஓட்டை போடும் கருவிக்கு அவர் புதிதாக ஒரு வேலை கண்டுபிடித்திருந்தார். அட்டையை நீள நீளமாக நறுக்கி, சரியான விடை வருகிற இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டுக்கொள்வார். விடைத்தாளில் எட்டுப் பத்தி, எட்டுப் பட்டை. பட்டையைப் பத்தியின் மேல் வைத்து, ஓட்டைக்குள் கறுப்புத் தெரிவதை எண்ணினால் மார்க். நாலே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

"எல்லா வட்டத்தையும் கறுப்பாக்கிட்டா எரநூறுக்கு எரநூறு வருமேப்பா" என்று பாப்பா ஒரு தடவை கேட்டாள்.

"டிக்கெட் எடுக்காம வர்றவன முகத்தப் பாத்தே இறக்கி விடுற ஆளு நான். என்கிட்டயேவா?" என்றார்.

விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். "பேரைப் பாத்தா கை பாப்பா பக்கம் சாஞ்சிடும். எனக்கு என்னையே தெரியும்" என்பார். சுவர்ப் பக்கத்துத் தாள் பாப்பாவுடையது, ஜன்னல் பக்கத்துத் தாள் பெண்டாட்டியுடையது. திருத்தி முடித்த பிறகு பின்பக்கத்தில் மார்க்கைப் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார். ஆறு மாதமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குளறுபடியும் வரவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தார். விசில் ஊதிய அரை மணியில் கண்காணிப்பாளர் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாப்பாவின் தோள் துள்ளியது. தாய் சைகையாலே இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். இருவரும் தாளோடு எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். இரண்டரை மணி நேரம் முடிந்து அலாரம் அடித்தபோது கண்டக்டர் திடுக்கிட்டு எழுந்து, ஒரு நிமிடம் கூடத் தூங்காதவர் போல விசிலை ஊதினார். பாப்பா தாளைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். தாய் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவள் முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நூத்தி அறுபத்தெட்டு! பாப்பா, ஏய் பாப்பா, எந்திரி! நூத்தி அறுபத்தெட்டு!"

ஈரக் கையோடு ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றாள். அவர் தூக்கிப் பிடித்திருந்த தாளில் எட்டாம் பத்தியின் கடைசி ஐந்து வரிசை வெள்ளையாக இருந்தது. பாப்பா எந்தக் கேள்வியையும் வெறுமனே விடமாட்டாள். தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்குவாள். கண்ணாடி வில்லை பற்றிய கேள்வி வந்தால் ஆளை விடு சாமி என்று அப்படியே விட்டுவிடுவது தாய்தான். அது அவளுடைய தாள்.

"நீங்க எடுத்த தாளு..." என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பாப்பா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஒரு வருடமாக அடைத்துவைத்திருந்தது எல்லாம் வெளியே வருகிற அழுகை. தாய் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு நூத்தி முப்பத்தொண்ணு" என்று கண்டக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கவலப்படாத. காலேஜ்ல கேன்டீன் இருக்கும்ல, அங்க சேத்துக்குவாங்க."

அவளும் சிரித்துவைத்தாள். அப்படியென்றால் பாப்பாவின் மார்க் நூற்று முப்பத்தொன்று. போன வருடத்தைவிடவும் கீழே.

இதில் இன்னொரு சங்கதி இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று மாதமாகவே அவளுக்கு விடைகள் தானாக வந்துகொண்டிருந்தன. எழுதும்போதே தெரிந்துவிடும், இன்றைக்கு மகளை மிஞ்சிவிடுவோம் என்று. மிஞ்சினால் அந்தப் பெண் மனசு உடைந்துவிடும். அதனால் தெரிந்த கேள்விகளில் பத்துப் பதினைந்தை எடுத்து, வேண்டுமென்றே பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் மகளுக்கு ஐந்தாறு மார்க் கீழே வந்து நிற்பாள். அதற்கும் ஒரு கணக்குத் திறமை வேண்டும். ஆனால் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன். நின்று நின்று கால் மரத்துப்போய், எழுதி முடித்தால் போதும் என்றிருந்தது. தப்பாகப் போட மறந்துவிட்டாள்.

ஆக, அவள் உண்மையிலேயே எடுக்கக்கூடிய மார்க் அது. நாற்பத்தோரு வயதில், பொட்டலம் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரலால் எடுத்த மார்க். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை.

அடுத்த ஆறு நாளும் வீடு வேறு வீடாக இருந்தது. பாப்பா வயிறாரச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். குளிக்கும்போது பாடினாள். வேதனை என்னவென்றால், நன்றாகவும் படித்தாள். கண்டக்டர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவில் டிரைவர், மெக்கானிக், கேட்டில் நிற்கிற காவலாளி என்று ஒருவர் விடாமல் காட்டினார். வீட்டுக்கு வந்து, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று ஒப்பிப்பார். "மெக்கானிக் சொல்றான், மூளை எல்லாம் அப்பன் வழியாம்."

பாய்லர் அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் மகள் குலைந்துபோவாள், சொல்லாவிட்டால் தன் நெஞ்சு ஆறாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்? நீராவிப் பெட்டியின் முன்னால் நிற்கும்போது தனக்குள் அந்த எண்ணை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நூற்று அறுபத்தெட்டு. சொல்லும்போது இனித்தது. அடுத்த நிமிடமே, பெற்ற பிள்ளையோடு போட்டி போடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளைக் களைப்பாக்கின. வேலைக் களைப்பு படுத்தால் போகும், இது படுத்தாலும் போகாத ரகம்.

சனிக்கிழமை மதியம் தலைமை நர்ஸ் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு லீவு போட்டிருக்கீங்க. திடீர்னு ரெண்டு ஆபரேஷன் வந்திருக்கு. பரீட்சை உங்க பொண்ணுக்குத்தானே? காலைல விட்டுட்டு வந்துடுங்களேன்."

பரீட்சை எனக்கும்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மடக்கு மேசையில் பாப்பா பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அவளுடைய செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ டூட்டிக்குப் போம்மா" என்றாள் பாப்பா. குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "எனக்கு இப்ப பயமே இல்ல. நெஜமாத்தான் சொல்றேன். உன் முகத்தப் பாரு, எப்படி வாடிப்போயிருக்கு. எனக்காக நீ பட்டது போதும்."

"ஆமா, அங்க வந்து நீ என்ன பண்ணப் போற?" என்றார் கண்டக்டர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு ஒரு லீவு வீணா?"

அந்த 'சும்மா' என்கிற வார்த்தைதான் போய்த் தைத்தது. அவள் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். வாய் முந்திக்கொண்டது.

"சும்மாவா? அந்த நூத்தி அறுபத்தெட்டு என்னோடதுங்க. அன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்க. நாங்க இடம் மாறி உக்காந்தோம். கடைசி அஞ்சு கேள்வி காலியா இருக்கும், எடுத்துப் பாருங்க. எனக்குத்தான் கண்ணாடிக் கணக்கு வராது."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டியதை அள்ள முடியுமா? கண்டக்டர் பையிலிருந்து தாளை எடுத்தார். விரித்தார். எட்டாம் பத்தியைப் பார்த்தார். எழுந்து போய்ப் பட்டைகளை எடுத்துவந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணினால் எண் மாறுமா, ஆள்தானே மாறியிருக்கிறது? அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம்.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். "அப்ப எனக்கு நூத்தி முப்பத்தொண்ணு" என்றாள்.

"பாப்பா, நான் சொல்ல வந்தது..."

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு இன்னிக்குச் சொல்ற."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள். ஆறு நாள் மென்று முழுங்கியதை ஏழாம் நாளும் முழுங்கியிருக்கக் கூடாதா? பதினேழு வருடமாக யார் என்ன சொன்னாலும் 'சரி' என்று தலையாட்டிக்கொண்டு இருந்தவளுக்கு, வாயைத் திறக்க இந்த நாள்தானா கிடைத்தது?

"என் தப்புதான்" என்றார் கண்டக்டர், பட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு. "தூங்கியிருக்கக் கூடாது." பிறகு, தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "நூத்தி அறுபத்தெட்டா எடுத்தே?" என்றார். அவர் அப்படிக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தலைமை நர்ஸுக்கு அவள் போன் செய்து, வர முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை.

காலையில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விரல்கள் மடியில் பின்னிக் கிடந்தன. நடுங்குகிறதா இல்லையா என்று தாய் ஓரக்கண்ணால் பார்த்தாள், தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அந்தப் பயணத்தில்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நாற்பது கேள்வி. தெரிந்ததில் நாற்பதைத் தப்பாகப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் மகளைவிட எப்படியும் கீழேதான் வருவாள். அன்றைக்கு வந்த மார்க் குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள். வீடு பழையபடி ஆகிவிடும். முடிவு எடுத்ததும் மனசு லேசானது. விட்டுக்கொடுப்பது அவளுக்குப் பழகிய வேலை, கை தானாகச் செய்யும்.

தேர்வு நடந்த பள்ளியின் கேட்டில் ஒரே கூட்டம். கடைசி நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள், பிள்ளையின் வாயில் எதையாவது திணிக்கிற பெற்றோர்கள். கேட்டில் நின்றவர் பாப்பாவின் நுழைவுச் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, பாய்லர் அக்காவை மறித்தார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் வெளியதாம்மா நிக்கணும்."

அவள் சீட்டை நீட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பொண்ணுக்குத் துணையா" என்று அவள் இழுத்தாள்.

"துணைக்கு இல்ல சார்" என்று உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் வந்தது. போகாமல் நின்றிருந்தாள். "அவங்களும் எழுதத்தான் வந்திருக்காங்க. உள்ள விடுங்க."

உள்ளே மைதானத்தில் இருவரும் நடந்தார்கள். இருவருக்கும் வேறு வேறு அறை. படிக்கட்டு பிரிகிற இடத்தில் பாப்பா நின்றாள். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் தாயோடு பேசவில்லை.

"அம்மா. தெரிஞ்சதத் தப்பாப் போடாத."

தாய் கையிலிருந்த நுழைவுச் சீட்டை மடித்தாள். "நான் எதுக்குத் தப்பா..."

"பொய் சொல்லாத. உன் பழைய பேப்பர் எல்லாம் அலமாரிலதான கெடக்கு? கஷ்டமான கேள்விக்கெல்லாம் சரி, சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியிற கேள்விக்குத் தப்பு. எந்த லூசு அப்படி எழுதும்? எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

பாப்பா தரையைப் பார்த்தாள். "சொன்னா நீ நெஜ மார்க்க எடுப்ப. அத நெனச்சாலே பயமா இருந்துச்சு. அதான் சும்மா இருந்துட்டேன்." கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. "நூத்தி முப்பத்தொண்ணோ என்னமோ, என் மார்க்க நான் எடுத்துக்கறேன். உன்னோடத நீ எடு. நீ தப்பாப் போட்டு நான் பாஸ் ஆனா, அந்தக் காலேஜுக்குள்ள காலே வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மணி அடித்தது. பாப்பா விறுவிறுவென்று மாடிப்படி ஏறிப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பாய்லர் அக்கா தன் அறையைத் தேடிக் கண்டுபிடித்து, தன் எண் ஒட்டியிருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பாப்பா வயதுப் பிள்ளைகள். கேள்வித்தாள் கைக்கு வந்தது. முதல் கேள்வியைப் படித்தாள், தெரிந்த கேள்விதான். இரண்டாம் முறை படித்தபோது எழுத்து மங்கியது. இன்றைக்கு வாங்கப்போவது அவளுடைய சொந்த மார்க். பென்சில் கையிலிருந்து நழுவியது. இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அவளுக்குப் பரீட்சையைக் கண்டு பயம் வந்தது.